சாலைக்கு இடம் விட்ட வீடுகள்: கேள்வி-பதில்

தெருவை அகலப்படுத்துகிறார்கள். நூறு வருட வீட்டில் முன்பக்கம் ஆறடிதான் போகுமாம். மிச்சம் நிற்குமா?

நிற்க வைக்கலாம். ஆனால் அந்த 'ஆறடிதான்' என்பதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். மாடித்தளத்தைத் தாங்கும் உத்தரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். முன்சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தால், சுவரை எடுத்ததும் மாடிக்குப் பிடிமானம் இருக்காது. முட்டுக்கொடுத்த பிறகே கடப்பாரை உள்ளே வர வேண்டும். பக்கச்சுவர்களுக்கு இடையில் ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி, பக்கத்து வீடு. ஒரே சுவரைப் பகிர்ந்து ஒட்டி நிற்கும் ஒட்டுவீடுகளில் ஒன்றை இடித்தால், இத்தனை நாள் மழையே பார்க்காத பொதுச்சுவர் வெளிச்சுவராகிவிடும். பூச்சு இல்லாமல் விட்டால் இரண்டே மழைக்காலத்தில் ஊறிவிடும். அதற்கான செலவையும் இழப்பீட்டில் கேளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு: மாடியை அப்படியே விட்டு, கீழ்த்தளத்தின் முன்பகுதியை மட்டும் திறந்து நடைபாதையை உள்ளே விடுவது. பொறியாளர்கள் தாமாக இதைச் சொல்வது அபூர்வம்.

வீட்டையே தள்ளி வைக்க முடியாதா?

முடியும். இங்கிலாந்தின் எக்ஸிடரில், 1961-இல் புதிய சாலைக்காகத் தெரு இடிபட்டபோது, 21 டன்னுக்கு மேல் எடையுள்ள பழைய மரச்சட்ட வீட்டைக் கட்டி இறுக்கி நகர்த்தினார்கள். மாஸ்கோவில் 1939-இல் சுமார் 23,000 டன் கட்டடத்தையே உருட்டினார்கள். மரச்சட்டம் கூண்டு மாதிரி, சேர்ந்து வரும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் வீடு என்றால் முதலில் இரும்புச் சட்டத்தால் பிணைக்க வேண்டும். செலவு அங்கேதான் எகிறும். ஒட்டுவீடாக இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள்.

எதிர்த்து நின்றால் பலன் உண்டா?

சாலைக்கோடு வரைபடத்தில் மட்டும் இருக்கும்வரை உண்டு. நியூயார்க்கில் நகரக் கட்டமைப்பு அதிகாரி ராபர்ட் மோசஸ் முன்வைத்த கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலை, மக்கள் எதிர்ப்பால் 1969-இல் கைவிடப்பட்டது. அந்தச் சாலை விழுங்கவிருந்த சோஹோ வட்டாரம் 1973-இல் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. நிலம் கைமாறிய பிறகு வந்து கேட்டால், அப்புறம் என்னிடமும் பதில் இல்லை.

கதவு, தூண்களையாவது எடுத்துக்கொள்ளலாமா?

இடிப்பு ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இடிபொருள் ஒப்பந்தக்காரருக்கே போகும்.

தாத்தா வீடு எப்போதோ போய்விட்டது. படமாவது கிடைக்குமா?

நகராட்சிக் கோப்புகளில் தேடுங்கள். இடிப்பவர்களே படம் எடுத்து வைப்பதும் உண்டு: 1860-களில் பாரிஸ் நகர நிர்வாகமே, மறையவிருந்த தெருக்களைப் படமெடுக்க சார்ல் மார்வில் என்பவரை அமர்த்தியது. தீ விபத்துக் காப்பீட்டுக்காக வரைந்த பழைய வரைபடங்களில் சுவர் எதால் கட்டியது, எத்தனை மாடி என்பதுவரை இருக்கும். அதோடு, அந்த இடத்துக்கே ஒரு நடை போய், எஞ்சி நிற்கும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள். உத்தரம் செருகிய குழிகளும் மாடிப்படி ஏறிய சாய்கோடும் இன்னும் தெரியலாம்.