கழுவியபின் வரும் ஓட்டை: ஊசியிலிருந்து தொடங்குங்கள்

இரத்மலானைத் தையல் லைனில் சிங்கிள் ஜெர்ஸி (மெல்லிய பின்னல் துணி) டீ-ஷேர்ட், தைக்கும்போது சுத்தமாக இருக்கிறது, கழுவினால் கீழ் மடிப்பில் வரிசையாகப் பொட்டு ஓட்டை என்று எழுதியிருந்தீர்கள். ஒப்பரேட்டரை ஏச வேண்டாம். ஊசி துணியின் இழையை விலக்காமல் அறுக்கிறது. அறுந்த இழை கழுவும்போதுதான் ஓடித் திறக்கும்.

முதலில் கீழ் மடிப்பைத் தைக்கும் ஃப்ளாட்லொக் மெஷினின் ஊசியைக் கழற்றி நுனியை நகத்தில் இழுத்துப் பாருங்கள். கீறினால் நுனி மடிந்துவிட்டது. 90ஆம் இலக்கம் போட்டிருந்தால் 70க்கு, மிஞ்சினால் 75க்கு இறங்குங்கள். நுனி உருண்ட எஸ்இஎஸ் வகையாக இருக்கட்டும். நூல் டிக்கெட் 120 போதும் (டிக்கெட் எண் கூடினால் நூல் மெல்லியது). தடித்த நூல் சிறிய கண்ணில் உரசி அறுந்துவிடும். ஊசி மெலிந்ததும், அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியான லூப்பருக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளியை மெக்கானிக் மறுபடி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் தாவும். இதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, ஓட்டையை லென்ஸில் பாருங்கள். பொலியெஸ்டரோ ஸ்பான்டெக்ஸோ கலந்த துணியில் ஓரம் உருகிக் கெட்டியாக இருந்தால் சூடுதான் காரணம். வேகத்தை நிமிடத்துக்கு 3500 தையலாகக் குறையுங்கள்.

அப்படியும் நிற்காவிட்டால் அதே மெஷினில் வேறு ரோலைத் தையுங்கள். அதில் ஓட்டை வராவிட்டால் முதல் ரோலில், துணியை மென்மையாக்க மில்லில் போடும் சொஃப்ட்னர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ஓட்டை விழுந்த துணித் துண்டோடு மில்லுக்கு அறிவியுங்கள்.

ஷிப்டுக்கு ஒரு ஊசி மாற்றுங்கள். இறுதிப் பரிசோதனையில் ஏகியூஎல் 2.5 (மாதிரி எடுத்துத் தரம் பார்க்கும் அளவுகோல்) படி 2000 உடுப்புக்கு 125 எடுத்து, 8 பிழை வந்தால் முழுத் தொகுதியையும் நிராகரிப்பார்கள். ஆனால் அந்த 125ஐயும் அங்கே கழுவிப் பார்ப்பதில்லை. ஆகவே தினமும் காலையில் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் இரண்டு உடுப்பை நீங்களே கழுவி, மடிப்பை இழுத்துப் பாருங்கள்.