செர்ஜியோ மென்டெஸ்: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பிரேசிலின் பியானோ கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான செர்ஜியோ மென்டெஸ், 2024 செப்டம்பர் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் 83 வயதில் காலமானார். அதிலிருந்து என்னிடம் அவரைப் பற்றிக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கேள்வியோடு உங்களுக்குப் பிடித்த பதிவு எது என்பதையும் எழுதுங்கள் என்றேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எனக்குத் தெரிந்ததெல்லாம் 'மாஸ் கே நாடா' ஒன்றுதான். அது பிடித்துப்போய் நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறேன். அடுத்து எது?

'ஈக்வினாக்ஸ்'. 1967இல் வந்தது. 'மாஸ் கே நாடா' அதற்கு முந்தின ஆண்டு, 'பிரேசில் 66' என்ற பெயரில் அவர் அமைத்த குழுவின் முதல் தொகுப்பில் இருக்கிறது. பாட்டு அவருடையது இல்லை. ஜோர்ஜி பென் எழுதி 1963இலேயே பாடியது. அதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஜோர்ஜி பென் பாடும்போது கிதார் முன்னால் நிற்கும், குரல் சோம்பலாகச் சாய்ந்து வரும். மென்டெஸ் அதை எடுத்து, பியானோவில் ஒரு சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்பத் தட்டி, அதன்மேல் பெண் குரல்களை ஏற்றினார். கேட்டவுடன் காலைத் தட்ட வைப்பது அந்தத் துணுக்குதான்.

'ஈக்வினாக்ஸ்' ஏன் என்றால், அங்கே குழு நன்றாகப் பழகிவிட்டது, வயலின் கூட்டம் இன்னும் உள்ளே நுழையவில்லை. ஜோர்ஜி பென்னின் இன்னொரு பாட்டு 'கான்ஸ்டன்ட் ரெயின்', பிரேசில் இசையமைப்பாளர்கள் ஜோபிமின் 'ட்ரிஸ்ட்', 'வேவ்', எடு லோபோவின் 'ஃபார் மீ' எல்லாம் இதில்தான். ஒரு பாட்டுகூட இழுத்துக்கொண்டு போகாது.

கேள்வி: நான் கீபோர்டு வாசிக்கிறேன். இவரை ஜாஸ் பியானோக்காரர் என்கிறார்கள், ஆனால் பாட்டுகளில் பியானோ எங்கே? 'தி லுக் ஆஃப் லவ்' பிடிக்கும். அதிலும் அவரைத் தேட வேண்டியிருக்கிறது.

நீங்கள் தேட வேண்டிய இடம் 1960களின் தொடக்கம். ரியோவில் கோபகபானா பகுதியில் 'பெக்கோ தாஸ் கஹாஃபாஸ்' என்று ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. சின்னச் சின்ன இரவு விடுதிகள் ஒட்டி ஒட்டி இருந்த சந்து. இரவில் கூச்சல் தாங்காமல் மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் பாட்டில்களைத் தூக்கி எறிவார்களாம். பெயரே 'பாட்டில் சந்து' என்று ஆகிவிட்டது. வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் உள்ள நிதெரோயில் 1941இல் பிறந்த மென்டெஸ் இந்தச் சந்தில் வாசித்துத்தான் ஆளானார். அங்கே போசா நோவாவை (சாம்பாவும் ஜாஸும் கலந்த மென்மையான பிரேசில் இசை) மெல்லிய குரலில் முணுமுணுக்கவில்லை. அமெரிக்க ஹார்ட் பாப் ஜாஸின் வேகத்தோடு பிரேசிலின் துள்ளல் நடன இசையான சாம்பாவை மோதவிட்டார்கள். மென்டெஸுக்கு அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் ஹொரேஸ் சில்வர் என்றால் உயிர். இடது கையின் முரட்டுத் தாளத்தில் அது தெரியும்.

1962 நவம்பரில் நியூயார்க் கார்னெகி ஹாலில் நடந்த போசா நோவா நிகழ்ச்சியில் தன் குழுவோடு வாசித்தார். அடுத்த மாதமே ஆல்டோ சாக்ஸபோன் மேதை கேனன்பால் ஆடர்லியோடு ஒரு முழுத் தொகுப்பு பதிவாகிவிட்டது. அப்போது வயது 21.

உங்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் 'வோசே அயிண்டா நாவ் ஓவியு நாடா', 1964. இரண்டு டிராம்போன், ஒரு டெனர் சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ். பாடகர் கிடையாது. டிராம்போனில் ஒருவர் ராவுல் டி சோசா. டிரம்ஸில் எடிசன் மச்சாடோ, சாம்பாவின் ஓட்டத்தை டிரம் தோலிலிருந்து சிம்பல் தட்டுக்கு மாற்றியவர் என்று பிரேசிலில் கொண்டாடப்படுகிறவர். 'இபனேமா பெண்' பாட்டை எத்தனையோ ஹோட்டல் லாபிகளில் கேட்டுச் சலித்திருப்பீர்கள். இந்தத் தொகுப்பில் கேளுங்கள், டிராம்போன்கள் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வரும். மோசிர் சாந்தோஸின் 'கோய்சா நம்பர் 2' இன்னும் ஒரு படி மேல்.

என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த பதிவு இதுதான். பிரேசில் 66 ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சரி, பியானோ பின்னால் போனது ஏன்? 1964இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆண்டே அவர் அமெரிக்கா போய்விட்டார். அங்கே அட்லாண்டிக் நிறுவனத்துக்காக ஆர்ட் ஃபார்மர், ஃபில் வுட்ஸ் போன்றவர்களோடு 'தி ஸ்விங்கர் ஃப்ரம் ரியோ' செய்தார். நல்ல ஜாஸ்தான், ஆனால் தெருவில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அப்புறம்தான் குரல்களை முன்னால் நிறுத்தினார். எந்தப் பாட்டு, எந்தக் குரல், எந்த வேகம் என்று முடிவெடுப்பதுதான் அதற்குப் பிறகு அவருடைய வாசிப்பு.

கேள்வி: இரண்டு பெண் குரல்கள் ஒன்றாக ஒலிக்கும் அந்த சத்தத்துக்கு நான் அடிமை. பிடித்தது 'லைக் எ லவர்'. யார் அவர்கள்? பிரேசில்காரர்களா?

பெரும்பாலும் இல்லை. முக்கியக் குரல் லானி ஹால், சிகாகோ பெண். மென்டெஸ் குழுவில் சேரும்போது போர்த்துகீசிய மொழி தெரியாது. ஒலியைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து பாடினார். இது தெரிந்தபின் 'மாஸ் கே நாடா'வை மறுபடி கேட்டேன். ஒவ்வொரு அசையையும் அளந்து வைப்பது அப்போதுதான் உறைத்தது. மொழி தெரிந்தவர் சில எழுத்துகளை விழுங்குவார். இவர் எதையும் விழுங்கவில்லை. அதனாலேயே அந்தப் பாட்டில் குரலும் ஒரு தாளக் கருவி மாதிரி துல்லியமாக விழுகிறது.

இரண்டாவது குரல் மாறிக்கொண்டே இருந்தது. பீபி வோகல், ஜானிஸ் ஹான்சன், கேரன் ஃபிலிப் என்று வரிசையாக வந்தார்கள். இருவரும் பெரும்பாலும் ஒரே சுரத்தில் பாடுவார்கள், நடுக்கமே இல்லாமல். தனித்தனியாக ஹார்மனி பிரிந்து போகும் இடங்கள் குறைவு. ஒருவர் குரல் இன்னொருவருக்கு நிழல் என்று சொல்லலாம்.

ஒரு சின்னத் தகவல். 'தி லுக் ஆஃப் லவ்' பாட்டில் முன்னணிக் குரல் லானி ஹால் இல்லை, ஜானிஸ் ஹான்சன். அந்தப் பாட்டை 1968 ஆஸ்கர் மேடையில் குழு வாசித்தது. அதன்பின் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது.

'லைக் எ லவர்' டோரி கைம்மியின் பாட்டு, இங்கிலீஷ் வரிகள் பெர்க்மன் தம்பதி. 1967 இறுதியில் வந்த 'லுக் அரவுண்ட்' தொகுப்பில் இருக்கிறது. உங்களுக்கு இது பிடிக்கும் என்றால் அதே தொகுப்பில் 'ஸோ மெனி ஸ்டார்ஸ்' கேளுங்கள், மெட்டு மென்டெஸே போட்டது. லானி ஹால் 'ஸ்டில்னஸ்' தொகுப்போடு குழுவிலிருந்து விலகினார். பிற்பாடு டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் ஆல்பர்ட்டை மணந்தார். பிரேசில் 66இன் முதல் தொகுப்பைத் தன் பெயர் போட்டு வெளியிட்டவரும் அவர்தான்.

கேள்வி: பிரேசிலில் இவரைப் பெரிதாக மதிக்கவில்லை, அமெரிக்கர்களுக்காகச் சர்க்கரை தூவிக் கொடுத்தவர் என்கிறார்களே?

சொன்னார்கள். பாதி உண்மை. 'ஃபூல் ஆன் தி ஹில்' தொகுப்பில் டேவ் க்ரூசின் அமைத்துக் கொடுத்த வயலின்கள் சில இடங்களில் தடிமனாக மெத்தை போட்டு வைத்திருக்கும். பீட்டில்ஸ் பாட்டு, சைமன்–கார்ஃபங்கல் பாட்டு என்று அன்றைய ஹிட்டுகளைத் தேடித் தேடிப் போட்டதும் விற்பனைக்காகத்தான்.

ஆனால் அதே தொகுப்பைத் திருப்பிப் பாருங்கள். 'காசா ஃபோர்ட்டே', 'உபா நெகின்யோ', 'லாயா லதாயா' எல்லாம் எடு லோபோ. 'லாபின்யா' பேடன் பவலுடையது. ஒரு பீட்டில்ஸ் பாட்டுக்காக இசைத்தட்டு வாங்கிய அமெரிக்க ஓஹையோக்காரர் இத்தனையையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். அடுத்த தொகுப்பு 'க்ரிஸ்டல் இல்யூஷன்ஸ்', 1969. அதில் மில்டன் நாசிமெண்டோவின் 'வேரா க்ரூஸ்' 'எம்ப்டி ஃபேசஸ்' என்ற பெயரில் வருகிறது. நாசிமெண்டோவை அமெரிக்காவில் அன்று எத்தனை பேருக்குத் தெரியும்? சர்க்கரை இருந்தது, மருந்தும் இருந்தது.

பணத்தை மறந்துவிட்டுச் செய்த தொகுப்பும் உண்டு. 1972இன் 'ப்ரைமல் ரூட்ஸ்'. கோஷப் பாட்டு, பிரேசிலின் பாஹியா மாநிலத்துத் தாளக் கருவிகள். ஹிட் ஆகவில்லை. எனக்குப் பொக்கிஷம்.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன், அண்ணா. சாம்பாவில் சமம் எங்கே என்று பிடிபடவில்லை. 'பாட்டுக்காடா' பிடிக்கும்.

சாம்பா இரண்டு அடி. நாம் முதல் அடியில் அழுத்திப் பழகியவர்கள். அங்கே 'சுர்டோ' என்ற பெரிய டிரம்மின் கனமான அடி இரண்டாவதில் விழும். முதல் அடியில் அது அமுங்கி இருக்கும், அல்லது லேசாகத் தட்டிவிட்டுப் போகும். அதனால்தான் சமம் நழுவுவது போல் தோன்றுகிறது. 'பாட்டுக்காடா'வில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடியில் ஓடும் கனத்த ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதை 'இரண்டு' என்று எண்ணுங்கள். பிடிபட்டதும் மேலே விரல்கள் தட்டுகிற சின்னத் தாளம் தானாகப் பிரிந்து கேட்கும். உங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது, கிதார்க்காரர்கள்தான் ரொம்பக் கஷ்டப்படுவார்கள்.

கேள்வி: 'நெவர் கான்னா லெட் யூ கோ' பாட்டை கிதாரில் வாசிக்க உட்கார்ந்தேன். நடுவிலேயே எழுந்துவிட்டேன். என்ன பாட்டு சார் இது!

1983. பேரி மான், சிந்தியா வைல் எழுதியது. டியோன் வார்விக் முதலில் பாடினார், மென்டெஸ் பதிவில் ஜோ பிசூலோவும் லீசா மில்லரும். அமெரிக்காவில் 4ஆம் இடம். கேட்பதற்குக் கல்யாண வரவேற்பில் போடுகிற மெதுவான காதல் பாட்டு. கருவியை எடுத்தால் நான்கைந்து வரிக்குள் சுருதி மாறிவிடும், பழகுவதற்குள் மறுபடி மாறும். பல்லவிக்குள்ளேயே மாறும். மெட்டு அவ்வளவு வழவழப்பாக இருப்பதால் காது கண்டுகொள்வதில்லை. முழுப் பாட்டையும் விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் ஒவ்வொரு கார்டாக (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) எழுதிப் பாருங்கள்.

கீபோர்டு ஒலியெல்லாம் அந்தக் காலத்து பிளாஸ்டிக். அதை மன்னிக்கலாம்.

கேள்வி: நடிகர் ஹாரிசன் ஃபோர்டு இவருக்குத் தச்சு வேலை செய்தாராமே, கதைதானே?

உண்மை. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸின் என்சினோ பகுதியில் மென்டெஸ் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டியவர் ஃபோர்டுதான். அப்போது அவர் பெரிய நடிகர் இல்லை.

கேள்வி: என் மகன் பிளாக் ஐட் பீஸ் என்ற ராப் குழு சேர்ந்து பாடிய 'மாஸ் கே நாடா'தான் உசத்தி என்கிறான். எனக்கு எரிச்சல்.

2006இன் 'டைம்லெஸ்' தொகுப்பு. எரிச்சல் வேண்டாம். அந்தப் பதிவு இல்லையென்றால் உங்கள் மகன் இந்தப் பாட்டைக் கேட்டே இருக்க மாட்டான். எனக்கும் அந்த ராப் பகுதி தேவையில்லாமல் நீள்கிறது. ஆனால் அதே தொகுப்பில் ஸ்டீவி வொண்டர் 'பெரிம்பாவ்' பாட்டில் ஹார்மோனிகா வாசிக்கிறார். அதைப் போட்டுக் காட்டுங்கள், பிறகு 1966இன் 'பெரிம்பாவ்'. வாக்குவாதமே வேண்டியிருக்காது.

கேள்வி: 1970க்குப் பிறகு வந்தவற்றில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

'பிரசிலெய்ரோ', 1992. கிராமி வாங்கியது. அப்போது வெளியே அதிகம் அறியப்படாத கார்லின்யோஸ் பிரவுன் என்ற பாஹியா இளைஞனின் பாட்டுகளை நம்பிச் செய்தார். 'ஃபன்ஃபாஹா' தொடங்கும்போது ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், டிரம் படை ஒன்று வீட்டுக்குள் வரும். 'மாகலென்யா' உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், நடன வகுப்புகளில் தேய்ந்துபோன பாட்டு. அதைத் தாண்டி இவான் லின்ஸின் 'லுவா சோபெரானா' வரை போங்கள்.

கேள்வி: பழைய இசைத்தட்டுகள் வாங்கலாமா? விலை?

பிரேசில் 66 தட்டுகள் அமெரிக்காவில் ஏகப்பட்டவை விற்றன. அதனால் அதிக விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள், இன்னொன்று கிடைக்கும். விருந்துகளில் ஓடி ஓடித் தேய்ந்தவை நிறைய. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். முதல் பாட்டு ஓடும் வெளிவட்டம் சாம்பல் பூத்திருக்கலாம், 'மாஸ் கே நாடா' தட்டில் கட்டாயம் அங்கே பாருங்கள். 'வோசே அயிண்டா நாவ் ஓவியு நாடா'வின் 1964 பிரேசில் பதிப்பு வேறு கதை. அது அரிது, கை வைக்க முடியாத விலை. மறுபதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், டிராம்போன் அதிலும் டிராம்போன்தான்.