பூ விழுந்த கண்ணில் பச்சை குத்திக்கொள்ளலாமா?

"பார்வை இழந்த கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருக்கிறது, கருவிழியில் பச்சை குத்திக்கொண்டால் சரியாகுமா, ஆபத்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்துகொண்டவன். பார்வை திரும்பாது, மாறுவது தோற்றம் மட்டுமே.

ஏழு வயதில் குச்சி பட்டுப் புண்ணாகி, ஆறியபோது என் இடது கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம், வெள்ளைத் தழும்பாகிவிட்டது. அதன்பின் பலர் என் தோளைப் பார்த்துத்தான் பேசினார்கள். கண்ணை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைக்கலாம் என்றார் ஒரு மருத்துவர். வலியே இல்லாத சொந்தக் கண்ணை இழக்க மனம் ஒப்பவில்லை. வண்ண கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன்; மேடுபள்ளமான தழும்பின்மேல் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களுக்கு அது பொருந்தினால் அதுவே போதும். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாமே.

இது புதிய சிகிச்சை அல்ல. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இத்தகைய தழும்புக்குச் சாயமேற்ற முயன்றிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெக்கர் என்ற கண் மருத்துவர் கறுப்பு மையையும் ஊசியையும் பயன்படுத்தினார்.

கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். கண்ணை மரத்துப்போகச் செய்து, அதில் ஊசியால் நுண்ணிய துளைகள் இட்டு மை ஏற்றுவார்கள். அல்லது அடுக்குகளுக்கு இடையே சிறு பை போலப் பிரித்து அதற்குள் சாயத்தை வைப்பார்கள். எனக்குச் செய்தது ஊசி முறை. நடுவில் கண்மணிக்குக் கறுப்பு, சுற்றிலும் வலது கண்ணுக்கு இணையான பழுப்பு. வரைந்த கண்மணி வெளிச்சத்தில் சுருங்காது, இருட்டில் விரியாது. அதனால் மருத்துவர் என் வலது கண்ணை நெடுநேரம் கவனித்து, நடுத்தர அளவொன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பொறுமையை நான் மறக்கவே மாட்டேன்.

சில நாட்கள் எரிச்சலும் கண்ணீரும் இருந்தன. ஆபத்து இல்லாமல் இல்லை: கிருமித் தொற்று, ஆறாத புண், அரிதாகக் கருவிழியில் ஓட்டை. கருவிழி மிக மெலிந்தவர்களும் கண்ணில் அழற்சி உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். பார்வை மீளும் வாய்ப்பு இருந்தால், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை பற்றி முதலில் கேளுங்கள். நலமான கண்ணின் நிறத்தை மாற்றுவதற்காக இதைச் செய்துகொள்வதை நான் ஏற்கவே மாட்டேன். அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமியும் 2024இல் அதற்கு எதிராக எச்சரித்தது.

எனக்கு இதைச் செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கண்மணியின் ஓரத்தில் கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரிகிறது. மருத்துவர் சம்மதித்தால் இன்னொரு முறை மை ஏற்றிக்கொள்வேன்.