தண்ணில ஓடுது, மேல ஏறலை: பெரிய மோட்டார் போட்டா சரியாகுமா?

கேள்வி: அண்ணா, நான் சேலம் அம்மாபேட்டை, அப்பாவுக்கு கொலுசுப் பட்டறை. பால்சாவும் (லேசான மரம்) பிளைவுட்டும் வெச்சு நானே ஒரு ஆர்சி ஃப்ளையிங் போட், அதாவது ரிமோட்ல ஓடற, படகு மாதிரி அடி வெச்ச ப்ளேன், செஞ்சிருக்கேன். றெக்கை நீளம் 1400 எம்எம், அகலம் 220, பேட்டரியோட சேத்து 1.9 கிலோ. மோட்டார் றெக்கைக்கு மேல ஸ்டாண்ட் வெச்சு மாட்டினது, ஃபுல் த்ராட்டில்ல வாட்மீட்டர் 430 வாட் காட்டுது. ஏரில விட்டா வாலை அமுக்கிக்கிட்டு மூக்கத் தூக்கிக்கிட்டு தண்ணிய வாரி இறைச்சுட்டே போகுதே தவிர கிளம்ப மாட்டேங்குது, நானும் ஃபுல் அப் எலிவேட்டர் (மூக்க மேல தூக்கற வால் மடல்) கொடுத்துட்டே தான் இருக்கேன். கரைக்கு வந்ததும் பாத்தா உள்ள தண்ணி. பெரிய மோட்டார் போடலாமா? இல்ல ஏற்காடு ஏரிக்கு கொண்டு போனா ஓடறதுக்கு இடம் நிறைய கிடைச்சு ஏறிடுமா? அடிப்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, மோட்டாருக்கு காசு போடாதீங்க. 1.9 கிலோவுக்கு 430 வாட்டுன்னா கிலோவுக்கு 225 வாட்டுக்கு மேல வருது, தண்ணில இருந்து கிளம்ப அது போதும். உங்க றெக்கை சைஸுக்கும் வெயிட்டுக்கும் கணக்கு போட்டா மணிக்கு 36, 37 கிலோமீட்டர் வேகம் வந்துட்டா தூக்கிடணும். அந்த வேகம் வர விடாம தண்ணி புடிச்சு வெச்சிருக்கு, அதான் விஷயம். மேல ஸ்டாண்ட்ல இருக்கற மோட்டார இன்னும் பெருசாக்கினா உச்சில வெயிட்டு ஏறி ஆட்டம் ஜாஸ்தியாகும், த்ராட்டில சடார்னு கொடுத்தா மூக்க தண்ணிக்குள்ள அமுக்கும், அதுக்கு மேல ஒண்ணும் நடக்காது.

போட்டோ பாத்தேன். ஃபினிஷிங் பிரமாதம், பட்டறைக்காரங்க கைன்னு பாத்தாலே தெரியுது. ஆனா அடில குறுக்கா படி மாதிரி இருக்கற ஸ்டெப்போட ஓரத்தையும் ரெண்டு பக்க அடி ஓரத்தையும் உப்புத்தாள் போட்டு மழமழன்னு உருட்டி அது மேல ஃபைபர் கிளாஸ் துணிய மடிச்சு ஒட்டியிருக்கீங்க பாருங்க, அங்க தான் மாட்டுது. காத்துல போற பாகத்துக்கு உருண்டை ஓரம் நல்லது, தண்ணில ஓடற அடிக்கு அது எமன். வளைஞ்ச பரப்ப தண்ணி விடாது, ஒட்டிக்கிட்டே வளைஞ்சு போகும், போகும்போது அந்தப் பரப்ப தன் பக்கம் இழுக்கும். நம்பலைன்னா ஒரு ஸ்பூன் காம்ப ரெண்டு விரல்ல லூசா புடிச்சு அதோட முதுகுப் பக்கத்த குழாய்த் தண்ணில லேசா தொட வெச்சுப் பாருங்க, தள்ளிவிடும்னு நினைப்பீங்க, உள்ள இழுக்கும். உங்க ப்ளேனோட வால இழுத்து உக்கார வைக்கறதும் இதே தான்.

ஸ்டெப் இருக்கறதே அந்தத் தண்ணிய வெட்டி விடத்தான். முன்பாதி அடில வழுக்கிட்டு வர்ற தண்ணி அந்தப் படில அறுபட்டு, பின்னாடி காத்து புகுந்து, பின்பாதி தண்ணிய விட்டு விலகணும். 1912ல அமெரிக்க விமான முன்னோடி கிளென் கர்டிஸ் தன்னோட ஃப்ளையிங் போட்ட ஓட்டிப் பாத்தப்ப உங்க கதை தான், ஓடுது ஏறலை, அடில ஸ்டெப் வெச்ச பின்னாடி தான் தண்ணிய விட்டு வந்துச்சு.

சரி, ரிப்பேருக்கு வருவோம். போட்டோல ஸ்கேல் வெச்சிருக்கீங்க, அதுல ஸ்டெப் ஆழம் 5 எம்எம் தான் தெரியுது. அடி அகலம் 110னா ஆழம் 10 எம்எம் பக்கத்துல இருக்கட்டும். வெட்டி ஆழமாக்கப் போகாதீங்க, முன்பாதி அடி மேலயே 5 எம்எம் லேசான பால்சாவ நடுக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பீஸா ஒட்டி மூக்குப் பக்கம் சீவி சேத்துடுங்க, பசையோட சேத்து 30, 35 கிராம் கூடும், கூடட்டும். ஸ்டெப் முகத்துல 0.8 எம்எம் ஏர்கிராஃப்ட் பிளைல ஒரு பட்டை வெட்டி, அது அடிப்பரப்ப விட ஒரு கால் எம்எம் கீழ நீட்டற மாதிரி மெதுவா காயுற எபாக்ஸில ஒட்டி, காஞ்சதும் ஃப்ளாட்டா ஒரு கட்டைல உப்புத்தாள் சுத்தி சமமா தேச்சு விடுங்க. நகத்த வெச்சு இழுத்தா சுரண்டணும், அந்த அளவு கூர்மை. கொலுசுக்கு போடற சின்ன அரம் பட்டறைல இருக்குமே, மூலைக்கு அத விட நல்ல டூல் கிடையாது. பக்கவாட்டு அடி ஓரம் ரெண்டுக்கும் மூக்குல இருந்து ஸ்டெப் வரைக்கும் முக்கோண கெட்டி பால்சா பட்டைய கீழ பாத்த மாதிரி ஒட்டுங்க, தண்ணி மேல எகிறி ப்ரொப்பெல்லர்ல அடிக்கறதும் அதோட நிக்கும்.

பின்பாதி அடியோட சரிவையும் ஒரு தடவை அளந்துருங்க. முன்பாதி அடிக்கு ஒரு நீள ஸ்கேல வெச்சு அப்படியே பின்னாடி நீட்டிப் பாத்தா, ஸ்டெப்ல இருந்து 300 எம்எம் தள்ளி வாலடி அந்தக் கோட்டுக்கு 35ல இருந்து 40 எம்எம் மேல இருக்கணும். கம்மியா இருந்தா மூக்கு கொஞ்சம் தூக்கும்போதே வாலடி தண்ணில இடிச்சுக்கும்.

அடுத்தது உள்ள போற தண்ணி. இத சின்ன விஷயமா எழுதியிருக்கீங்க, எனக்கு இது தான் பயமா இருக்கு. ஒரு டீ கிளாஸ் அளவு, 100 கிராம் தண்ணி வால் பக்கம் போய் தேங்கினா, பேலன்ஸ் பாயிண்ட்ல இருந்து 400 எம்எம் பின்னாடின்னு வெச்சுக்குங்க, மொத்த வெயிட்டு 2 கிலோ, அப்ப பேலன்ஸ் 20 எம்எம் பின்னாடி நகந்துடும். உங்க றெக்கைக்கு பேலன்ஸ் முன் ஓரத்துல இருந்து 60, 65 எம்எம்ல இருக்கணும், ஸ்டெப் அதுக்கு 10ல இருந்து 20 எம்எம் பின்னாடி. கரைல கரெக்டா வெச்சது கூட நடு ஏரில ஸ்டெப்ப தாண்டிப் போயிடும், வால் உக்காராம என்ன பண்ணும். ஒருவேளை ஏறியிருந்தா இன்னும் மோசம், வால் வெயிட்டோட மேல போன ப்ளேன் கைக்கு அடங்காது, நேரா விழுந்திருக்கும்.

ஓட்டை கண்டுபிடிக்க சைக்கிள் கடை வித்தை போதும். மூடிய டேப் போட்டு அடைச்சுட்டு ஒரு டியூப் வழியா வாயால லேசா ஊதிக்கிட்டே ஜாயிண்ட் எல்லாம் சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழி வர்ற இடம் தான். பெரும்பாலும் எலிவேட்டர், ரடர் கம்பி வெளிய வர்ற ஓட்டையா இருக்கும், அத தண்ணி மட்டத்துக்கு நல்லா மேல தூக்கிடுங்க. சாதா வெள்ளை மரப்பசை போட்ட ஜாயிண்ட் இருந்தா ஊறி விட்டுடும், மரைன்னு போட்டு வர்றது இல்ல எபாக்ஸி தான் அடிப் பக்கத்துக்கு. அஞ்சு நிமிஷ எபாக்ஸி அவசரத்துக்கு சரி, தண்ணிக்கு மெதுவா காயுறது தான் நிக்கும். உள்பக்கம் மொத்தமும் சேண்டிங் சீலர் (மரத் துளைய அடைக்கற பூச்சு) ரெண்டு கோட்டு அடிச்சுடுங்க. அப்புறம் ரிசீவர் (ரிமோட் சிக்னல் வாங்கற பெட்டி), பேட்டரி இருக்கற அறைக்கு பின்னாடி ஒரு ஃபார்மர (உடம்போட குறுக்குச் சட்டம்) முழுசா அடைச்சுட்டா உள்ள வர்ற தண்ணி வாலுக்கு ஓடாது. எல்லாம் முடிச்சு வீட்டுத் தொட்டில இருபது நிமிஷம் மிதக்க விட்டு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க.

எடைன்னதும் ஞாபகம் வருது, வீட்டுல நகைத் தராசு வெச்சுக்கிட்டு பால்சாவ எடை போடாம யூஸ் பண்ணியிருப்பீங்கன்னு தோணுது, ஏன்னா 1.9 கொஞ்சம் ஜாஸ்தி தான். 1000க்கு 100, 3 எம்எம் ஷீட்டு ஒண்ணு 30 கிராம் இருக்கும், பாக்க அதே மாதிரி இருக்கற இன்னொண்ணு 50, 70 கூட இருக்கும். லேசானது வாலுக்கும் றெக்கை நுனிக்கும், கெட்டியானது றெக்கையோட நடு ஸ்பாருக்கும் (றெக்கைய நீளவாக்குல தாங்கற கட்டை) அடிப்பக்கத்துக்கும். போட்டோல தெரியுற ஃபார்மர் 6 எம்எம் கமர்ஷியல் பிளை மாதிரி இருக்கு, அடுத்த தடவை 3 எம்எம் பிர்ச் பிளை போட்டா அந்த வெயிட்டு கிட்டத்தட்ட பாதியாகும்.

ஓட்டற விதத்துலயும் ஒண்ணு இருக்கு. ஃபுல் அப்ப கடைசி வரைக்கும் புடிச்சுட்டே இருந்தா ப்ளேன் வால்லயே உக்காந்து போகும். ஆரம்பத்துல அப் கொடுத்து த்ராட்டில மெல்ல ஏத்துங்க, மூக்கு எழும்பி ஒரு மேட்ட தாண்டற மாதிரி தெரியும், அப்ப ஸ்டிக்க நடுவுக்கு விட்டுடுங்க. ப்ளேன் தானா படுத்து ஸ்டெப் மேல நின்னு சறுக்க ஆரம்பிக்கும், வேகம் திடீர்னு கூடும், சத்தமே மாறும், அப்புறம் தொட்டும் தொடாம ஒரு சின்ன அப். காத்துக்கு எதிரா தான் ஓட்டணும். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணி வேண்டாம், அது இன்னும் ஒட்டும், சின்ன அலை இருக்கற காலை நேரமா பாருங்க.

ஏற்காட்ட விட்டுடுங்க. 1500 மீட்டர் உயரம், அங்க குளுந்து இருந்தாலும் சேலத்த விட காத்து அடர்த்தி பத்துல ஒரு பங்கு கம்மி, அதே றெக்கைக்கு இன்னும் வேகம் வேணும், அதே ப்ரொப்பெல்லர் கம்மியா இழுக்கும். கீழ ஏறாதது மேல ஏறவே ஏறாது. அதுவும் போக ஏரி சுத்தி மரம், தண்ணி பூரா போட்டிங் வந்த ஜனம், குழந்தைங்க. 20 கொண்டை ஊசி வளைவுல அத்தன பெரிய றெக்கைய கார்ல வெச்சு ஏத்திட்டுப் போய் யார் தலைலயாவது எறக்கணுமா? சேலத்து மூக்கனேரியும் வேண்டாம், நடு நடுவுல திட்டு, மரம், பறவைங்க.

மழை முடிஞ்சு நிரம்பின கிராமத்து ஏரி ஒண்ணு பாருங்க, ஆகாயத்தாமரை படராததா. ஊராட்சிலயோ நீர்வளத்துறைலயோ கேட்டுட்டு, மீன் ஏலம் எடுத்தவர் யாருன்னு விசாரிச்சு அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவருக்குத் தான் வலை எங்க கிடக்குன்னு தெரியும், நடு ஏரில மோட்டார் நின்னுட்டா பரிசல் போட்டு எடுத்துக் கொடுக்கப் போறவரும் அவர் தான். ஓமலூர் பக்கம்னா கமலாபுரம் ஏர்போர்ட் இருக்கு, அரசோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்ல அந்த இடம் பச்சைல (தடை இல்லாத பகுதில) இருக்கான்னு பாத்துக்குங்க. 2021 ட்ரோன் விதிப்படி 25 கிலோவுக்குள்ள, கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள பொழுதுபோக்குக்கு ஓட்டற மாடலுக்கு டைப் சர்டிஃபிகேட் (அந்த வகைக்கான தரச் சான்று) வேண்டாம், ஆனா ஏர்போர்ட் எல்லை எல்லாத்துக்கும் ஒண்ணு தான்.

ரிசீவர ஒரு பலூனுக்குள்ள போட்டு வாயக் கட்டிடுங்க, மோட்டார் பேரிங்குக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. இதெல்லாம் பண்ணியும் ஏறலைன்னா, ஃப்ரெண்ட் ஒருத்தர கரைல நேர் பக்கவாட்டுல நிக்க வெச்சு வீடியோ எடுத்து அனுப்புங்க, பின்னாடி நின்னு எடுத்தா எனக்கு மூக்கு எவ்வளவு தூக்குதுன்னு தெரியாது.