இழைப்புளி கேள்வி-பதில்: தீட்டிவிட்டு எழுதுங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி துருவைப் பற்றி, மீதியில் பாதி "இது எவ்வளவு போகும்?" என்று. விலை கேட்டவர்கள் மன்னிக்கவும், நான் விலை சொல்வதில்லை. பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சொல்லும் விலை வெறும் ஜோசியம். மங்கலான ஒரே ஒரு படத்தை அனுப்பிவிட்டு "இது என்ன ஐயா?" என்று கேட்டவர்களுக்கும் பதில் கிடையாது. ஃப்ராக்கை (அலகு சாய்ந்து உட்காரும் இரும்புத் துண்டு) கழற்றிவிட்டு ஒரு படம், வாய்ப்பக்கம், அதாவது அடியில் அலகு எட்டிப்பார்க்கும் பிளவு, கிட்டத்தில் ஒரு படம், அலகின் முத்திரை ஒரு படம், இவ்வளவுதான் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

கே: தாத்தா வைத்திருந்த ஸ்டான்லி இழைப்புளி. முன்பக்கம் 4 என்று இருக்கிறது, ஃப்ராக்குக்குப் பின்னால் மூன்று தேதிகள், கடைசித் தேதி 1910. அப்படியென்றால் 1910-இல் செய்ததுதானே?

ப: இல்லை. 4 என்பது அளவு எண், ஏறக்குறைய 9 அங்குல உடல், 2 அங்குல அலகு. 1910 என்பது காப்புரிமைத் தேதி. அதை வார்ப்பில் போட்டு அப்புறம் பல வருடம் விற்றார்கள், அதனால் உங்களுடையது 1910-க்கு முந்தியதல்ல என்று மட்டும் சொல்லலாம். லீவர் கேப்பில், அதாவது அலகை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடியில், திருகு நுழையும் துளையைப் பாருங்கள். சாவித் துவாரம் மாதிரி நேராக இருந்தால் பழைய பாணி, சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் 1933-க்குப் பிறகு வந்த கேப். கேப் என்றுதான் சொன்னேன், இழைப்புளி என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் யார் எதைக் கழற்றி எதில் மாட்டினார்களோ, ஒரு பாகத்தை வைத்து முழுசுக்கும் வயது சொல்லக் கூடாது.

கே: சலவை சோடாத் தண்ணீர், பேட்டரி சார்ஜர் வைத்து மின்பகுப்பில் துரு எடுக்கிறேன். மறுமுனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி தொங்கவிட்டேன், அருமையாக வேலை செய்கிறது. தண்ணீர் மஞ்சளாகிவிட்டது, பரவாயில்லையா?

ப: நிறுத்துங்கள். படிப்பதை விட்டுவிட்டு முதலில் போய் சுவிட்சை அணையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் இருக்கிறது. அது கரைந்து ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமாக மாறினால் புற்றுநோய் தரும் விஷம். அந்த மஞ்சளுக்கு அதுதான் காரணமாக இருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். இதை எத்தனை தடவை எழுதியாயிற்று! மறுமுனைக்குச் சாதாரண இரும்புக் கம்பியோ தகடோ போதும். துருப்பிடித்த பாகம் நெகட்டிவில், தியாகம் ஆகப்போகும் இரும்பு பாசிட்டிவில். மாற்றிக் கொடுத்தால் கரைவது இழைப்புளி. ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்த இடம், பக்கத்தில் நெருப்பு கூடாது, கிளிப்பைத் தொடும் முன் சார்ஜரை அணைக்க வேண்டும். பித்தளைத் திருகுகளையும் மரப் பிடிகளையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். பழைய கருப்புப் பூச்சு சில சமயம் உரிந்து வரும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கே: வினிகரில் உடலை ஊறப்போட்டு ஒரு வாரம் ஆகிறது. இன்னும் எத்தனை நாள்?

ப: எடுங்கள், இப்போதே. அமிலம் துருவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். அடுத்த முறை சிட்ரிக் அமிலம், 5 சதவீதம், சில மணி நேரம், நடுவில் எடுத்து எடுத்துப் பாருங்கள். சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, சூடாக உலர்த்தி, உடனே எண்ணெய் தடவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கண்ணெதிரே மறுபடி செம்மை படரும்.

கே: கிரைண்டரில் அலகின் மூலை நீலமாகிவிட்டது. உப்புத்தாளில் தேய்த்தால் சரியாகுமா?

ப: நிறம் போகும், பதம் திரும்பாது. பழைய கார்பன் எஃகு நீலமாகிறது என்றால் சுமார் 300 டிகிரி தொட்டுவிட்டது. நீலம் ஏறின அளவுக்குப் பின்னால் தள்ளித் தேய்த்து எடுங்கள், இந்தத் தடவை தண்ணீரில் முக்கி முக்கி.

கே: பழைய 5-ஆம் நம்பர் வாங்கினேன். கண்ணாடி மேல் 80-ஆம் நம்பர் உப்புத்தாள் ஒட்டி மூன்று நாளாக அடியைத் தேய்க்கிறேன், பின்பக்கம் நடுவில் இன்னும் குழி இருக்கிறது. அடுத்து எந்த நம்பர் வரை போக வேண்டும், 2000 போதுமா? பிறகுதான் அலகைத் தீட்டலாம் என்றிருக்கிறேன்.

ப: அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மூன்று நாள்! ஒரு சீவல்கூட எடுத்துப் பார்க்காமல்! காய்ச்சல் என்று வந்தவனுக்கு முடிவெட்டி அனுப்புவது மாதிரி இருக்கிறது. பழைய இழைப்புளி சரியாக ஓடவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் மழுங்கின அலகு, மிச்சத்தில் பெரும்பாலும் சிப் பிரேக்கர், அலகின் மேல் இறுக்கிவைக்கும் தகடு. அடி வளைவு கடைசியில் வரும் சந்தேகம்.

நீங்கள் முதலில் செய்திருக்க வேண்டியது இது. அலகின் பின்பக்கத்தில் முனையை ஒட்டிய சில மில்லிமீட்டரை மட்டும் சமமாக்குங்கள், 25 டிகிரியில் சாணை பிடியுங்கள், 30-இல் தீட்டுங்கள், பிசிறு முழு அகலத்துக்கும் விரலில் தட்டுப்படுகிறதா பாருங்கள், பிறகு பிசிறை எடுங்கள். நேரான ரேகையுள்ள மென்மரத் துண்டை மாட்டி இழையுங்கள். சீவல் அறுபடாமல் சுருண்டு வந்தால் அடி உங்கள் வேலைக்குப் போதுமான சமத்தில் இருக்கிறது. கதை முடிந்தது, உப்புத்தாளை உள்ளே வையுங்கள்.

வரவில்லையா, சரி, அப்போது அடியைப் பார்க்கலாம். தொட வேண்டிய இடங்கள் மூன்றுதான்: முன்முனை, வாய்க்கு நேர் முன்னால், பின்முனை. நடுவில் குழி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் மூன்று நாள் துரத்தின பின்பக்கக் குழி எந்த வேலையையும் கெடுக்காது. அதிலும் 5-ஆம் நம்பர்! அது முரட்டு வேலைக்கானது, அலகின் முனையை வளைவாகத் தீட்டி அரை மில்லிமீட்டர் சீவல் எடுக்கிறவனுக்கு அடியில் நூலளவு குழியால் என்ன வந்துவிடும்? மெல்லிய சீவல் எடுக்கும் 4-ஆம் நம்பரில் வாய்க்கு முன்னால் குழி இருந்தால் அது குற்றம், ஏனென்றால் நாரை அழுத்திப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. 22 அங்குல 7-ஆம் நம்பரில் நீளவாக்கில் குழிந்திருந்தால் பலகை விளிம்பு நடுவில் மேடாகும், இரண்டு பலகையை ஒட்டும்போது இரு முனைகளிலும் இடைவெளி விடும். அதுவும் குற்றம். இவை தவிர மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

தேய்க்கத்தான் வேண்டும் என்றால், அலகை உள்ளே இழுத்துக்கொண்டு, லீவர் கேப்பை வழக்கமான இறுக்கத்தில் மாட்டிவிட்டுத் தேய்க்க வேண்டும். அந்த இறுக்கத்தில் உடல் சற்றே வளையும், கழற்றிவைத்துத் தேய்த்தால் சமமாக்கியது மாட்டியதும் கோணலாகும். மார்க்கர் பேனாவால் அடி முழுக்கக் குறுக்குக் கோடு போடுங்கள். பத்து இழுப்பு, திருப்பிப் பாருங்கள். வாய்க்கு முன்னால் கோடு அழிந்து, முன்முனையிலும் பின்முனையிலும் அழிந்திருந்தால் நிறுத்த வேண்டிய இடம் அதுதான். மூன்று நாள் தள்ளிக்கொண்டிருந்தால் கை ஆடி, முன்முனையும் ஓரங்களும் உருண்டுபோயிருக்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், பயமாக இருக்கிறது. 80, 120, 220, அவ்வளவுதான். 2000 எதற்கு, முகம் பார்க்கவா? மரம் தேய்ந்தே அடியைப் பளபளப்பாக்கிவிடும். ஒரு மெழுகுவர்த்தித் துண்டால் அடியில் நாலு கோடு கிறுக்கினால் உங்கள் மூன்று நாள் உழைப்பைவிட அதிகம் வழுக்கும்.

கே: சிப் பிரேக்கருக்கும் அலகுக்கும் நடுவே சீவல் புகுந்து அடைக்கிறது. வாயை அரத்தால் பெரிதாக்கலாமா?

ப: அரத்தைக் கீழே வையுங்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள், ஒளி கசிகிற இடத்தில்தான் சீவல் புகுகிறது. சிப் பிரேக்கரின் வாலைக் கல்லுக்குக் கீழே சற்றுத் தாழ்த்திப் பிடித்து, முன்முனையின் அடிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள். ஒளி நின்றால் அடைப்பும் நிற்கும். நின்ற பிறகு, எதிர் ரேகையில் நார் பிய்கிறது என்றால் அலகின் முனைக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. நெருக்கமாக வைத்துப் பாருங்கள். சிப் பிரேக்கரின் முன்சரிவு 50 டிகிரியாவது இருக்க வேண்டும். சாதாரண வேலைக்கு 1 மி.மீ. போதும். தீட்டிய பிறகு, சொல்லியாயிற்று.

கே: மர இழைப்புளியைப் பத்து நாள் ஆளிவிதை எண்ணெயில் முழுக்கி வைத்தால் நூறு வருடம் உழைக்குமா?

ப: எடை கூடும், மாதக்கணக்கில் கசியும், நாளைக்கு ஒரு விரிசலை ஒட்டப்போனால் பசை பிடிக்காது. துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். மர இழைப்புளியைக் கொல்வது எண்ணெய்ப் பஞ்சம் கிடையாது, ஆப்பு. வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வையுங்கள். உடல் காய்ந்து குறுகும்போது அலகு குறுகாது, அலகுக்கு இரு பக்கமும் இருக்கும் கன்னம்தான் பிளக்கும்.

கே: பின் கைப்பிடி இரண்டாக உடைந்திருக்கிறது. புதுசு வாங்குவதா, ஒட்டுவதா?

ப: ஒட்டுங்கள். உடைந்த முகங்களை உப்புத்தாளால் தொடவே கூடாது, ஒன்றோடொன்று பொருந்தி உட்காருவது அந்தக் கரடுமுரடால்தான். எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு எபாக்சி போடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்டான்லி பிடிகள் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடும் தடை, அதனால் துண்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒட்டிய பிறகும் பிடி ஆடினால் ஆத்திரத்தில் முறுக்காதீர்கள். மரம் சுருங்கியதால் உள்ளே இருக்கும் கம்பி பித்தளை நட்டில் முட்டி நிற்கிறது. கம்பி முனையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அரத்தால் எடுங்கள், ஆட்டம் நிற்கும்.

கே: வாய் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல், விற்பவர் "வேலைக்குப் பாதிப்பில்லை" என்கிறார்.

ப: அவருக்குப் பாதிப்பில்லை. விட்டுவிடுங்கள்.

கே: ஸ்டான்லி 1-ஆம் நம்பர் ஏலத்துக்கு வந்திருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது. போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: பளிச்சென்று இருப்பதே என்னை யோசிக்க வைக்கும். ஐந்தரை அங்குல இழைப்புளிக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதால் போலி நிறைய. அசலை அச்சாக வைத்து மறுபடி வார்த்ததென்றால் அளவு காட்டிக்கொடுக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், அதனால் நகல் அசலைவிடச் சின்னதாகத்தான் வரும். நம்பகமான ஓர் அசலின் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளவெடுங்கள். லேட்டரல் லீவர் (அலகைப் பக்கவாட்டில் சாய்த்துச் சரிசெய்யும் நெம்பு) இருந்தால் வேறெதுவும் பார்க்க வேண்டாம், 1-ஆம் நம்பருக்கு அது எப்போதுமே கிடையாது.

கே: ஸ்டான்லியின் உயர்ரக வரிசையான பெட்ராக்கில் 605 வாங்கினால் சாதாரண 5-ஐவிட நன்றாக இழைக்குமா?

ப: ஃப்ராக் முழு முகத்திலும் உட்காருகிறது, பிற்காலத்தியதில் அலகைக் கழற்றாமலே ஃப்ராக்கை நகர்த்தலாம். நல்ல வேலைப்பாடு. இரண்டையும் ஒரே மாதிரி தீட்டிக் கொடுத்தால் சீவலைப் பார்த்து எது எது என்று உங்களால் சொல்ல முடியாது.

கே: லீவர் கேப் திருகு தொலைந்துவிட்டது. 7 மி.மீ. போல்ட் ஏறக்குறைய நுழைகிறது, கொஞ்சம் முறுக்கினால் போய்விடும் போலிருக்கிறது. முறுக்கட்டுமா?

ப: ஏறக்குறைய! அது 9/32 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, ஸ்டான்லி தனக்கென்று வைத்துக்கொண்ட அளவு, பொதுக் கடையில் கிடைக்காது. முறுக்கினால் ஃப்ராக்கின் மரை போகும், பிறகு திருகோடு ஃப்ராக்கையும் தேட வேண்டிவரும். கைப்பிடிக் கம்பியும் இப்படித்தான், 12-ஆம் நம்பர் தடிமன், அங்குலத்துக்கு 20 மரை. உடல் உடைந்த பழைய ஸ்டான்லி ஒன்றை உதிரிபாகத்துக்காக வாங்குங்கள், மேலே சொன்ன வாய் வெடித்த இழைப்புளி அதற்குச் சரியாக இருக்கும்.