பின் ரயர் வாங்க முன் றிம்மைப் பாருங்கள்

சுழிபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, என்னட்டை நிக்கிறது 2014 பல்சர் 150 மோட்டார் சைக்கிள். போன வருசம் செக்கனாண்டாய் வாங்கினது. பின் ரயர் தேய்ஞ்சு போச்சு. இப்ப இருக்கிறது 100/90-17. கடைக்காரர் 120/80 போட்டால் பிடிமானம் கூட எண்டுறார். என்ரை தம்பி 140 போடு, அப்பதான் வடிவு எண்டுறான். கிழமையிலை மூண்டு நாள் வெங்காய மூட்டையோடை சுன்னாகச் சந்தைக்குப் போறனான், ஞாயிறு மனிசியோடை நயினாதீவுக்குப் போக குறிகாட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஓடுறனான். எதைப் போடுறது?"

தம்பி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 100/90-17 தான் போடுங்கள். கொஞ்சம் அகலம் வேண்டுமென்று மனம் கேட்காவிட்டால், றிம் இடங்கொடுத்தால் 110/80-17 வரை போகலாம். 140 வேண்டவே வேண்டாம். ஏனென்று விளங்கிக்கொண்டால் அடுத்த முறை யாரிடமும் கேட்காமல் நீங்களே தெரிவு செய்வீர்கள்.

ரயரின் பக்கத்தில் இருக்கும் 100 என்பது அகலம், மில்லிமீற்றரில். 90 என்பது உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அகலத்தின் நூற்றுவீதம். 100இல் 90 வீதம், ஆகவே றிம்மில் குந்தும் இடத்திலிருந்து ரயர் 90 மில்லிமீற்றர் எழும்பி நிற்கும். 17 என்பது ரயர் குந்தும் அந்த இடத்தில் றிம்மின் விட்டம், அங்குலத்தில். 17 அங்குலம் 431.8 மில்லிமீற்றர். மேலே 90, கீழே 90 கூட்டினால் சில்லின் முழு விட்டம் ஏறத்தாழ 612 மில்லிமீற்றர். இதே கணக்கை 120/80க்குப் போட்டால் 624 வரும். 110/80க்கு 608, 130/70க்கு 614, 140/60க்கு 600.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 130/70இன் விட்டம் உங்கள் பழைய ரயரை விட இரண்டே இரண்டு மில்லிமீற்றர்தான் கூட. "உயரம் சரியாய் வருது, தாராளமாப் போடலாம்" என்று சொல்லிக் கடையில் அதைக் கையில் தருவார்கள். உயரம் சரிதான். ஆனால் ரயர் நிற்பது உயரத்தில் அல்ல, றிம்மில்.

பின்சில்லின் றிம்மைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வார்ப்பிலோ அச்சிலோ 17 என்ற எண்ணோடு 2.15, 2.50, 2.75 என்று இன்னொரு எண் இருக்கும், பல றிம்களில் அதற்கு முன்னால் எம்.ரி என்ற எழுத்தும் சேர்ந்திருக்கும். அந்த இரண்டாவது எண்தான் றிம்மின் உள்ளகலம், அங்குலத்தில். எந்த ரயர் போடலாம் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். 100/90க்கு 2.15 முதல் 2.75 வரை பொருந்தும். 120/80க்குக் குறைந்தது 2.50 வேண்டும், அது உண்மையில் விரும்புவது 2.75ஐ. 130/70க்கு 3.50 றிம் பொருத்தம், 140க்கு 4.00. யமஹா எஃப்சட்டில் 140/60 வடிவாக நிற்கிறதென்றால், அந்த ரயரோடு அகல றிம்மும் அதற்கேற்ற சுவிங் ஆமும் (பின்சில்லைப் பிடித்து நிற்கும் கை) தொழிற்சாலையிலேயே சேர்ந்து வந்தபடியால்தான்.

ஒடுங்கிய றிம்மில் அகல ரயரை ஏற்றினால் என்ன நடக்கிறது? ரயரின் இரண்டு ஓரக் கம்பிகளையும் றிம் உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. பக்கச்சுவர்கள் வளைகின்றன, நடுப்பகுதி கூம்பிக்கொண்டு மேலே வருகிறது. வாயை இறுக்கிக் கட்டிய சாக்கு வயிறு பிதுங்கி நிற்குமே, அதுபோல. றிம் அரை அங்குலம் ஒடுங்கினால் ரயரின் அகலமும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் குறையும். ஆகவே 120 என்று காசு கொடுத்து வாங்கியது 2.15 றிம்மில் 114, 115தான் நிற்கும். நேராக ஓடும்போது வீதியில் படுவது அந்தக் கூம்பிய நடுப்பகுதி மட்டும். பிடிமானம் கூடுமென்று போட்ட ரயர் பிடிமானத்தைக் குறைத்துவிடுகிறது. ஈர வீதியில் சடுதியாகப் பிறேக் பிடிக்கிறபோது இது தெரியவரும், அப்போது தெரிந்து பயனில்லை.

எங்கள் கராச்சுக்கு ஒரு பொடியன் வந்தான், பழைய பல்சர் 150இல் 130/70 போட்டுக்கொண்டு. ரயரின் நடுவில் கோடு தெரியாமல் தேய்ந்திருந்தது, இரண்டு ஓரத்திலும் புது ரயரில் நிற்கும் றப்பர் மயிர் அப்படியே இருந்தது. செயின் பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு உராய்ந்து நூல் வெளியே தெரிந்தது. அந்த ரயரோடு அவன் தன் தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை வீதியால் நாள்தோறும் ஓடியிருக்கிறான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும்.

"பல்சர் 150இலேயே 120/80 வருகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது, பின்னாலும் டிஸ்க் பிறேக் உள்ள புதிய மாதிரியில். அதில் முன் ரயரையும் 90/90-17 ஆக்கியிருக்கிறார்கள், இரண்டு சில்லுகளுக்கும் இடையிலான தூரத்தையும் கூட்டியிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் முன்னுக்கு நிற்பது 2.75-17. அந்த ஒல்லி ரயரை விட்டுவிட்டுப் பின்னை மட்டும் பெருப்பித்தால், வளைவில் முன்சில்லு ஒரு கதையும் பின்சில்லு ஒரு கதையும் சொல்லும். வண்டி சரிய மறுக்கும், சரிந்தபின் நிமிர மறுக்கும். குச்சொழுங்கைகளில் இடமும் வலமும் வெட்டி ஓடுகிறவருக்கு அது பெரிய அலுப்பு.

உங்கள் றிம்மில் 2.50 அல்லது அதற்கு மேல் இருந்து, 120/80தான் போடுவதென்று நின்றால், இடைவெளியையாவது பார்த்துவிட்டுப் போடுங்கள். விட்டம் 12 மில்லிமீற்றர் கூடுகிறதென்றால் மட்காட் பக்கம் 6 மில்லிமீற்றர் நெருங்குகிறது. இரண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அந்த 6 மில்லிமீற்றர் பெறுமதியானது. செயின் பக்கமும் சுவிங் ஆமின் குறுக்குக் குழாய்ப் பக்கமும் சின்னி விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். இதில் பலர் விடுகிற பிழை: பழைய செயின் நீண்டிருக்கும்போது சில்லு பின்னுக்குத் தள்ளி நிற்கும், அந்த நிலையில் அளந்துவிட்டு "இடம் கிடக்கு" என்பார்கள். புதுச் செயின் போட்டதும் சில்லு முன்னுக்கு வரும், ரயர் உரசும். சில்லை முழுதாக முன்னுக்குத் தள்ளி வைத்தே அளக்க வேண்டும்.

செக்கனாண்ட் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இன்னொன்று. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும் வரை எங்கள் ஊரில் விற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் கைமாறிக் கைமாறி வந்தவை. முந்திய சொந்தக்காரர் றிம்மையே மாற்றியிருக்கலாம். இப்போது நிற்கிற ரயரின் எண்ணை மட்டும் நம்பவேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டிலோ, செயின் கவரில் ஒட்டியிருக்கும் தாளிலோ உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.

இனி உங்கள் வெங்காய மூட்டைக்கு வருவோம். என்னைக் கேட்டால், அகலத்தை விட உங்களுக்கு முக்கியமான எண் இதுதான். அளவுக்குப் பக்கத்தில் 55பி என்று ஒன்று இருக்கும். 55 என்றால் அந்த ஒரு ரயர் தாங்கும் உச்சப் பாரம் 218 கிலோ. 52 என்றால் 200, 57 என்றால் 230, 61 என்றால் 257. பி என்பது மணிக்கு 150 கிலோமீற்றர் வேகம் வரை. உங்கள் வண்டியின் எடை 144 கிலோ அளவில், அதில் பாதிக்குச் சற்றுக் கூட பின்சில்லில். அதற்கு 75 கிலோ போடுவோம். உங்கள் எடையில் பெரும்பங்கு 45, பின்னால் கட்டும் மூட்டை 60. மொத்தம் 180 கிலோ. 55 தாங்கும் 218க்குள் அடங்குகிறது. இரண்டாவது மூட்டையையும் சேர்த்துக் கட்டினால் எல்லை தாண்டுகிறது. அதற்கு மருந்து அகல ரயர் அல்ல, இரண்டு நடை.

பாரம் ஏற்றுகிறவர் காற்றைப் பார்க்காமல் விடக்கூடாது. உங்கள் மாதிரிக்கு முன்னால் 25 பி.எஸ்.ஐ, தனியே ஓடினால் பின்னால் 28, ஆள் அல்லது மூட்டை ஏறினால் 32. காலையில் வண்டி எடுக்க முன், ரயர் குளிராக இருக்கும்போது அளக்க வேண்டும். மத்தியான வெயிலில் கே.கே.எஸ் வீதித் தார் சுட்டு, ஓடிக் களைத்து வந்த ரயரை அளந்தால் கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிழை. காற்றுக் குறைந்த ரயரோடு மூட்டை கட்டினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். வெடிக்கிற ரயர்களில் நான் கண்டவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

கடையில் ரயரைக் கையில் எடுத்தால், பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் தேடுங்கள். 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது கிழமையில் செய்தது. நாலைந்து வருசம் அலுமாரிக்கு மேல் காய்ந்த ரயர் பார்வைக்குப் புதிதுதான், றப்பர் இறுகிப்போயிருக்கும். விலை குறைத்தாலும் வாங்கவேண்டாம். ரி.எல் என்றிருந்தால் ரியூப்லெஸ், ரி.ரி என்றிருந்தால் ரியூப் கட்டாயம். கம்பிச் சில்லென்றால் ரியூப் போட்டே ஆகவேண்டும்.

ரயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பூவைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் தார் வீதியில்தான் கூட ஓடுகிறீர்கள், இடைக்கிடை தோட்டத்துச் செம்மண் ஒழுங்கை. கட்டை கட்டையாகப் பெரிய பூ வெட்டிய ரயர் மாரியில் சேற்றைக் கடக்க உதவும், ஆனால் தாரில் இரைந்துகொண்டு கெதியாய்த் தேயும். நடுவில் வரிகள், ஓரத்தில் ஆழமான வெட்டுகள் உள்ள சாதாரண பின் ரயரே போதும். கார்த்திகை மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

குறிகாட்டுவான் ஓட்டத்துக்கு ஒரு வேலை கூடுதலாக இருக்கிறது. பண்ணைப் பாலத்திலும் புங்குடுதீவுப் பாலத்திலும் உப்புக்காற்று அலுமினிய றிம்மில் வெள்ளைப் பூப் பிடிக்கச் செய்யும். ரியூப்லெஸ் ரயர் றிம்மோடு குந்தும் விளிம்பில் அது படிந்தால் காற்று மெல்ல மெல்லக் கசியும். ஆணியைத் தேடிக் களைப்பீர்கள், ஆணி இருக்காது. ரயர் கழற்றுகிற அன்று அந்த விளிம்பை நைசான உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, வால்வையும் புதிதாகப் போடச்சொல்லுங்கள்.

பொருத்தும்போது பக்கத்தில் உள்ள அம்புக்குறி சில்லு சுற்றும் பக்கம் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். புது ரயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் 150 கிலோமீற்றருக்கு வளைவில் அதிகம் சரிக்காமல், பின் பிறேக்கை அடித்துப் பிடிக்காமல், மூட்டை கட்டாமல் ஓடுங்கள். அதன்பின் ஒருக்கால் செயினின் தளர்வையும் அச்சு நட்டையும் சரிபார்த்துவிட்டுச் சந்தைக்குப் போங்கள்.