கியர்பாக்ஸைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தையார் 1999-ஆம் ஆண்டில் வாங்கிய புரோட்டோன் வீரா 1.6 ஆட்டோ (தானியங்கி கியர்) காரை இப்போது நான் ஓட்டி வருகிறேன். காலையில் முதன்முறை 'டி'-க்கு (முன்செல்லும் நிலைக்கு) மாற்றினால் மூன்று நான்கு வினாடிகள் கழித்தே கார் நகர்கிறது. பாயா திருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு ஏறும்போது, பாதி மேட்டில் இன்ஜின் இரைச்சல் கூடுகிறதே தவிர வேகம் கூடுவதில்லை. ஒரு பட்டறையில் சற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, ரீகன் (பழுது நீக்கிப் புதுப்பித்த கியர்பாக்ஸ்) போடுங்கள் என்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா, ஐயா? – ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் கியர்பாக்ஸின் உள்ளே எண்ணெய் அழுத்தம் போதவில்லை என்பதைக் காட்டுகின்றன; ஆனால் அழுத்தம் ஏன் குறைந்தது என்பதை ஓட்டிப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. எண்ணெய் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம், உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். முதல் இரண்டும் சிறு செலவில் முடிபவை என்பதால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் எண்ணெய் அளவு. இதைப் பலரும் தவறான முறையில் பார்க்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரை மணி நேரம் போல ஓட்டி எண்ணெய் நன்கு சூடான பிறகு, சமதளத்தில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால்பிரேக்கை மிதித்தபடி கியர் கோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டு சென்று, 'என்'-இல் (நியூட்ரலில்) விட்டுவிட்டு, கியர் எண்ணெயின் அளவுகோலை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பாருங்கள். வீராவின் கியர்பாக்ஸ் மிட்சுபிஷி வழி வந்தது. அந்நிறுவனத்தின் முறை இதுதான். டொயோட்டாவுக்கு 'பி'-இல் (பார்க் நிலையில்) வைத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் இன்ஜினை அணைத்த ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் அளவு தவறாகத் தெரியும். குறைவென்று எண்ணி ஊற்றிய மிகை எண்ணெய் உள்ளே நுரைத்து, அதுவே வழுக்கலை, அதாவது இன்ஜின் சுழன்றும் கார் வேகமெடுக்காத நிலையை, உண்டாக்கும்.

அளவுகோலில் ஒட்டிய எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் தடவி நிறத்தையும் மணத்தையும் கவனியுங்கள். சிவப்பு சற்று மங்கி, பழுப்பு ஏறியிருந்தால் அது வயதான எண்ணெய், அவ்வளவுதான். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை வீசினால் கிளட்ச் தகடுகள் கருகத் தொடங்கிவிட்டன. கடையில் விற்கும் சிராப் பண்டோங் (பால் கலந்த ரோஜா சர்பத்) போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் செல்கிறது; பழைய ரேடியேட்டரில் அது அரிக்கும்போது நீர் எண்ணெயுடன் கலக்கிறது. அந்த நீர், கிளட்ச் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் படலத்தைப் பெயர்த்துவிடும். அந்நிலையில் ரேடியேட்டரை மாற்றாமல் வேறு கியர்பாக்ஸ் போட்டாலும் அதுவும் அதே கதிக்கு ஆளாகும்.

அளவும் நிறமும் மோசமில்லை என்றால், அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள்; கழற்றும்போது நீங்களும் அருகில் இருங்கள். தட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல நுண்தூள் ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். உலோகச் செதில்களோ கறுப்புத் துண்டுகளோ கிடந்தால் மட்டுமே ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் பழுதுபார்ப்பது) பற்றிப் பேசத் தொடங்கலாம். புதிதாக ஊற்றுவது மிட்சுபிஷியின் எஸ்.பி. தர எண்ணெயாக இருக்கட்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக வேறு தரத்தை ஊற்றினால் உராய்வுத் தன்மை மாறி, கியர் மாறும் இடங்களில் நடுக்கம் தோன்றும்.

பழைய காரில் கியர் எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்ற அச்சம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. கருகிய வாடை வந்த பிறகு மாற்றியவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த பேச்சு அது. அங்கே தகடுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன. உங்களைப் போன்றவர்கள் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவித் தள்ளும் முறையைத் தவிர்த்து, வடித்து ஊற்றுவதையே நாடுவது நல்லது. ஒருமுறை வடித்தால் முழு எண்ணெயும் வெளியேறாது, இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பகுதி தங்கிவிடும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை வடித்து ஊற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மேட்டில் வழுக்கினால், அழுத்தமானி பொருத்திச் சோதிக்கவும், ஸ்டால் சோதனை செய்யவும் தெரிந்த ஆட்டோ கியர் பட்டறைக்குப் போங்கள். பிரேக்கை முழுமையாக மிதித்தபடி ஆக்சிலரேட்டரை ஐந்து வினாடிக்கு மேற்படாமல் அழுத்தி, இன்ஜின் சுழற்சி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே ஸ்டால் சோதனை. 'டி', 'ஆர்' (பின்செல்லும் நிலை) இரண்டிலும் சுழற்சி அளவுக்கு மீறி ஏறினால் பெரும்பாலும் பொதுவான அழுத்தக் குறைவு. 'டி'-யில் மட்டும் ஏறினால் முன்செல்லும் கிளட்சின் தேய்மானம். இரண்டிலும் குறைந்தே நின்றால் இன்ஜினே வலுவிழந்திருக்கலாம். வீட்டு வாசலில் நீங்களாகவே இதைச் செய்து பார்க்காதீர்கள், கார் பாய்ந்துவிடக்கூடும். முடிவு தெரியும்வரை பாலிக் புலா மேட்டைத் தவிர்த்துவிடுங்கள். வழுக்கும் ஒவ்வொரு கணமும் எண்ணெய் கொதித்து, மிஞ்சியிருக்கும் தகடுகளையும் தின்கிறது.

கடைசியில் ரீகன் அல்லது ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய காரிலிருந்து எடுத்த) கியர்பாக்ஸ்தான் வழி என்றாகிவிட்டால், அதன் மேல் பொறித்துள்ள குறியீடு உங்களுடையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். பொருத்தும் முன் குளிர்விப்புக் குழாய்களைக் கழுவச் சொல்லி வற்புறுத்துங்கள். பழையதிலிருந்து உதிர்ந்த தூள் புதியதற்குள் புகுந்து கெடுப்பதை நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னுடைய புரோட்டோன் வாஜா ஆட்டோ, சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போது சில நேரம் ஊர்கிறது, கியரும் மாறுவதில்லை. அணைத்து மீண்டும் கிளப்பினால் சரியாகிவிடுகிறது. மழையில் ஒருமுறை தண்ணீர் தேங்கிய சாலையில் போனதிலிருந்துதான் இப்படி. – செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: கார் மூன்றாம் கியரில் பூட்டிக்கொள்கிறது. கியரைக் கட்டுப்படுத்தும் கணினி ஏதேனும் ஓர் உணரியிடமிருந்து தவறான தகவல் பெற்றால், பெரும் சேதத்தைத் தவிர்க்க இந்தப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். அணைத்துக் கிளப்பியதும் அது கலைகிறது. தண்ணீருக்குப் பிறகு தொடங்கியது என்பதால், கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில் இருக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்ச் (கியர் கோல் எந்த நிலையில் உள்ளது என்று கணினிக்குச் சொல்வது), வேக உணரிகள், அவற்றின் வயர் இணைப்புகள் ஆகியவற்றில் ஈரமோ பச்சைக் களிம்போ படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு இருக்கும்போதே, இன்ஜினை அணைக்காமல், ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை எடுத்தால் எந்த உணரி என்பது எளிதில் விளங்கும். பேட்டரி மின்னழுத்தத்தையும் கூடவே அளந்துவிடுங்கள். மூன்றாம் கியரிலேயே நெரிசலில் ஓட்டிக்கொண்டிருந்தால் டார்க் கன்வெர்ட்டர் சூடேறும். ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: 'ஆர்'-க்கு மாற்றும்போது தொம்மென்று இடிக்கிறது. இதுவும் கியர்பாக்ஸ் கோளாறா? – பட்டர்வொர்த் வாசகி

பதில்: ஓடும்போது எந்தத் தொல்லையும் இல்லையென்றால், முதலில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள், பழைய கார்களில் அவை கிழிந்திருப்பது மிகச் சாதாரணம். ஐடில் வேகம் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகம்) கூடியிருந்தாலும் இப்படி இடிக்கும். அப்படியானால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இரண்டுக்குமே கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை.